புதிர்வழி மொழி கற்றல்: ஒரு சிந்தனை

நம் கல்லூரி விடுதியில் இரவு உணவுக்குப் பின் நாளிதழின் எண் புதிர்க் கட்டங்களைச் சுற்றி நான்கைந்து மாணவர்கள் அமர்ந்திருக்கும் காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஒருவர் எழுதுகோலைப் பிடித்திருப்பார்; மற்றவர்கள் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அங்கே ஏழு வரமுடியாது, மேல்வரிசையில் ஏற்கெனவே ஏழு இருக்கிறது" என்று வாதாடுவர். அந்த மாணவர்களுள் ஒருவர் மறுநாட்காலை வகுப்பில் புணர்ச்சி இலக்கணம் கேட்டால் தலைகுனிந்து நிற்பார். "எனக்கு இலக்கணம் வராது ஐயா" என்பார். ஆங்கிலத்திலும் அவருக்கு, மாணவர் 'அரியர்' என்று அழைக்கும் நிலுவைத் தாள் ஒன்றோ இரண்டோ இருக்கும். இரவில் அத்துணை நுட்பமாக வாதிட்ட அறிவு காலையில் எங்கே போயிற்று என்ற கேள்வி நம்மை நெடுநாள் உறுத்தியதுண்டு.

அந்த அறிவு எங்கும் போகவில்லை. நாம்தான் அதற்கு வகுப்பறையில் வேலை தரவில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விழைவது. இதை ஆசிரியர் மீதான குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டா. குற்றமென்றால் அதில் முதற்பங்கு நமக்கே உரியது.

நாம் இலக்கணம் கற்பிக்கும் முறையை எண்ணிப் பார்ப்போம். முதலில் சூத்திரம், அடுத்து உரை, அதன்பின் இரண்டு எடுத்துக்காட்டுகள், முடிவில் வினா. சூத்திரத்தை இயற்றியவரோ இந்த வரிசையில் அதைப் பெறவில்லை. பவணந்தி முனிவரும் அவருக்கு முன்னோரும் மக்கள் வாயில் வழங்கிய சொற்களையும் செய்யுளில் பயின்ற சொற்களையும் ஆயிரக்கணக்கில் கேட்டும் பார்த்தும் ஒப்பிட்டுமே விதியைக் கண்டிருக்க வேண்டும். அவர்கள் வென்ற புதிரின் விடையை மட்டும் மாணவருக்குத் தந்துவிட்டுப் புதிரை நாம் மறைத்துவிடுகிறோம். விடை தெரிந்த விடுகதையில் யாருக்குச் சுவை இருக்கும்?

ஓராண்டு, இளங்கலை முதலாண்டு வகுப்பொன்றில் வரிசையை மாற்றிப் பார்த்தோம். நன்னூலை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகையில் இரு பத்திகளாகச் சில சொற்களை எழுதினோம். இடப்பக்கம்: காட்டுவழி, வீட்டுவேலை, ஆற்றுமணல், கிணற்றுநீர், வயிற்றுவலி. வலப்பக்கம்: விறகுக்கடை, காசுமாலை, மிளகுப்பொடி, வயதுக்கணக்கு. "காடு என்பது காட்டு ஆகிறது, விறகு என்பது விறக்கு ஆகவில்லை. ஏன்?" என்பது மட்டுமே கேள்வி. குற்றியலுகரம், நெடிற்றொடர், உயிர்த்தொடர் முதலிய கலைச்சொற்களில் ஒன்றையும் சொல்லவில்லை.

முதலில் அமைதி. பிறகு ஒரு மாணவர் நீளமான சொல்லென்றும் குறுகிய சொல்லென்றும் பிரித்துப் பார்த்தார். காசும் காடும் ஒரே அளவுடையவை என்று மற்றொருவர் அதை மறுத்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "'டு', 'று' என முடிந்தால் இரட்டிக்கிறது, 'கு', 'சு', 'து' என்றால் இல்லை" என்றார். வகுப்பு அதை உடனே சோதித்தது. கயிறு, கயிற்றுக்கட்டில், சரி. சோறு, சோற்றுப்பானை, சரி. வரகு, வரகுச்சோறு, சரி. அப்போது ஒருவர் எழுந்து, "நடு என்பதும் 'டு' என்றுதானே முடிகிறது? நடுக்கடல் என்கிறோம், நட்டுக்கடல் என்பதில்லையே" என்றார். தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் வேறு வகையானது என்னும் உண்மையை அவர் தாமாகவே தொட்டுவிட்டார். குற்றியலுகரம் என்ற கலைச்சொல்லை நாம் சொன்னது அதன் பிறகுதான். அதற்கு அப்போது தேவை வந்துவிட்டது. தேவை வந்தபின் வரும் பெயர் மனத்தில் நிற்கிறது.

அதோடு முடியவில்லை. "ஆற்றுமணல் சரி, ஆறு மணிக்கு என்று சொல்லும்போது ஆற்றுமணி ஆகவில்லையே?" என்று இன்னொருவர் கேட்டார். வகுப்பு சிரித்தது, கேள்வியோ சிரிப்புக்குரியதன்று. ஆற்றினது மணல் என்பதில் வேற்றுமை உறவு உண்டு. ஆறு மணி என்பதில் அது இல்லை. மாணவர் வெறுக்கும் வேற்றுமைப் புணர்ச்சி, அல்வழிப் புணர்ச்சி என்ற பாகுபாடு ஏன் தேவைப்பட்டது என்பது அந்த ஒரு கேள்வியில் விளங்கிற்று. மணி அடித்த பிறகும் ஒருவர் வாசலில் நின்று, "ஆட்டுப்பால் என்கிறோம், ஆட்டை மேய்த்தவனை மட்டும் ஆடு மேய்த்தான் என்கிறோமே, அங்கே வேற்றுமை உண்டல்லவா?" என்றார். நூலைத் திறந்து காட்டினோம். அச்சூத்திரத்தின் இறுதிச்சொல், 'பெரும்பாலும்' என்னும் பொருள் தருவது. எல்லா இடத்தும் இவ்வாறு நிகழாது என்பதை நூலாசிரியரும் கண்டு இடம் விட்டிருக்கிறார். பல ஆண்டுகளாக அந்தச் சூத்திரத்தை நடத்திவந்த நாமே அந்தக் கடைசிச் சொல்லை அன்றைக்குத்தான் நின்று நோக்கினோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்தப் பின்வரிசை மாணவர் அதுவரை தமிழ்த் தேர்வுகளில் தேறியவரல்லர்.

ஆங்கிலத்துக்கு வருவோம். நம் மாணவருள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர். அவர்களுக்கு ஆங்கிலம் மொழியாக வரவில்லை, அச்சமாக வந்தது. 'ஏ', 'ஆன்' என்னும் இரு சிறுசொற்களை எங்கே இடுவது என்பதற்கு அவர்கள் பள்ளியில் பெற்ற விதி, உயிரெழுத்து ஐந்தின் முன் 'ஆன்', மற்றவற்றின் முன் 'ஏ' என்பது. இவ்விதியைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பிக்கும் மாணவர் பல்கலைக்கழகத்தை 'ஆன் யூனிவர்சிட்டி' என்று எழுதுகிறார். பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கிறோம். விதிப்படிதானே எழுதினேன் என்று அவர் உள்ளுக்குள் குமைகிறார். அவர் குமைவது நியாயமே.

இதையும் புதிராக்கிக் காட்டலாம். 'ஆன் அம்பிரெல்லா', 'ஏ யூனிவர்சிட்டி': இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. 'ஆன் எம்.ஏ. ஸ்டூடன்ட்', 'ஏ மாஸ்டர்': இவையும் அப்படியே. மணி எனப் பொருள்படும் 'அவர்' என்னும் சொல் மெய்யெழுத்தில் தொடங்கியும் 'ஆன்' பெறுகிறது. ஒரு ரூபாய்த் தாள் உயிரெழுத்தில் தொடங்கியும் 'ஏ ஒன் ருபீ நோட்' ஆகிறது. இவ்வாறு இருக்கக் காரணம் என்ன? இத்தொடர்களை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் போதும். எழுத்து அன்று, ஒலியே காரணம் என்பதை மாணவரே கண்டுகொள்வர். 'யூனிவர்சிட்டி' என்னும்போது நாவில் முதலில் பிறப்பது யகர மெய். 'ஒன்' என்னும் எண்ணில் பிறப்பது வகர மெய். 'அவர்' என்பதில் எழுத்திலுள்ள 'எச்' ஒலிப்பதே இல்லை. 'எம்' என்பது எகரத்தில் தொடங்குகிறது.

இந்த இடத்தில் தமிழாசிரியர் தம் பங்கைச் செய்ய வேண்டும். ஓர் ஊர் என்கிறோம், ஒரு மரம் என்கிறோம். உயிர்முன் ஓர், மெய்ம்முன் ஒரு. ஒரு யானை என்பதே மரபு. ஓர் யானை என்பது வழு. ஒரு யானை என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கு 'ஏ யூனிவர்சிட்டி' எழுதத் தெரியாமற் போவதற்கு ஏதுவில்லை. யகரம் இரு மொழியிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. (ஒரு, ஓர் வேறுபாட்டை நாளிதழ்களும் மேடைகளும் கைவிட்டுவருகின்றன, அது வேறொரு மலருக்குரிய புலம்பல்.) பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் படிக்கும் மாணவர் அவ்விரண்டையும் இரு வேறு உலகங்களாக எண்ணுவதற்கு, இரு துறையினரும் ஒருவர் வகுப்பை மற்றவர் எட்டிப் பாராதிருப்பதும் ஒரு காரணம்.

பகுதி ஒன்றில் அரபு எடுக்கும் மாணவருக்கும் இம்முறை பொருந்தும். அதற்கு நூல்கூட வேண்டுவதில்லை. வருகைப் பதிவேடு போதும். நாஸிர் என்றால் உதவுபவர், மன்ஸூர் என்றால் உதவப்பெற்றவர். ஹாமித் புகழ்பவர், மஹ்மூத் புகழப்பட்டவர். காதிப் எழுதுபவர், மக்தூப் எழுதப்பட்டது. இம்மூன்று இணைகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "ஷாகிர் என்றால் நன்றி செலுத்துபவர். நன்றி செலுத்தப்பெற்றவரை எவ்வாறு அழைப்பது?" என்று கேட்டால், அரபு எழுத்தையே அறியாத மாணவரும் சிறிது நேரத்தில் 'மஷ்கூர்' என்பார். மூன்று மெய்களைக் கொண்ட வேர் ஒன்று, அதன்மேல் உயிர்களும் முன்னொட்டும் ஏறி அமையும் அச்சு ஒன்று என்னும் செமித்திய மொழிகளின் அடிப்படை அமைப்பு அந்த வேளையிலேயே அவர் கைக்கு வந்துவிடுகிறது. பிறந்தநாள் முதல் மஹ்மூத் என்று அழைக்கப்பட்டு வந்த ஒருவர், தம் பெயருக்குள் ஓர் இலக்கணம் இருந்ததைத் தமிழ் வகுப்பில் கண்டு வியந்தது நாம் நேரில் கண்டது.

இம்முறை நம் கண்டுபிடிப்பன்று. உருசிய மொழியியலறிஞர் ஆந்திரேய் சலிஸ்னியாக், 1963-இல் மொழிப் புதிர்கள் பற்றி எழுதிய கட்டுரையில் இத்தகைய கணக்குகளுக்கு வடிவம் தந்தார். மாணவர் அறியாத மொழியிலிருந்து சில தொடர்களும் அவற்றின் பொருளும் தரப்படும். வேண்டிய செய்தி முழுவதும் புதிருக்குள்ளேயே இருக்கும். வெளியறிவு எதுவும் தேவையில்லை. 1965-இல் மாஸ்கோவில் பள்ளி மாணவருக்கான முதல் மொழியியல் ஒலிம்பியாட் நடைபெற்றது. 2003-இல் பல்கேரியாவில் அது பன்னாட்டுப் போட்டியாயிற்று. 2016-இல் அப்போட்டி மைசூரிலேயே நடந்தது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் போட்டி உண்டென்று அறிந்த நம் மாணவருள் எத்தனை பேர் மொழிக்கும் அப்படியொன்று உண்டென்று கேள்விப்பட்டிருப்பர்?

ஆயினும் வெளிநாட்டாரைச் சான்று காட்டித்தான் இதை நிறுவ வேண்டும் என்பதில்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் பிசியை, அஃதாவது விடுகதையை, இலக்கிய வகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. இஸ்லாமியத் தமிழிலக்கியத்தில் 'மசலா' என்று ஒரு தனி வகையே தோன்றியது. வினா எனப் பொருள்படும் அரபுச் சொல்லே அதன் பெயர். வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா 1572-ஆம் ஆண்டுக்குரியது. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவது. வினாவும் விடையுமாகவே நடக்கும் நூல் அது. நூறு மசலாவோ புதிர்களாலேயே நெய்யப்பட்ட கதை. கேள்வி கேட்டுக் கற்பிக்கும் மரபு நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது.

தமிழின் பழமையை நிறுவியதும் ஒருவகைப் புதிர் விடுவிப்பே. மதுரையைச் சூழ்ந்த மாங்குளம் முதலிய குன்றுகளின் குகைகளில் பிராமி எழுத்துகள் காணப்பட்டபோது, அவற்றின் மொழி பிராகிருதமாக இருக்கலாம் என்றே அறிஞர் முதலில் எண்ணினர். கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் வேறு வழியில் நோக்கினார். வடமொழிக்கும் பிராகிருதத்துக்கும் இன்றியமையாத வர்க்க எழுத்துகள் அங்கே காணப்படவில்லை. அம்மொழிகளுக்கு வேண்டாத ற, ன, ள, ழ ஆகியவற்றுக்கு உரிய குறிகளோ இருந்தன. எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தே அவை தமிழ் என்று காட்டினார். விடுதி மாணவர் எண் புதிர்க் கட்டத்தில் செய்வதும் இதையே.

இனி, நமக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நோக்க வேண்டும். பெரியோர் சிலர், "நாங்கள் மனப்பாடம் செய்துதான் கற்றோம், எங்களுக்கு மொழி வரவில்லையா?" என்கின்றனர். மனப்பாடத்தை நாம் பழிக்கவில்லை. திண்ணைப் பள்ளியில் நிகண்டையும் எண்சுவடியையும் நெஞ்சில் ஏற்றியோர் தமிழுக்குச் செய்த தொண்டு சிறிதன்று. அவர்கள் மனத்தில் ஏற்றியது மூலநூலை. இன்று நம் மாணவர் ஏற்றுவது வழிகாட்டி ஏட்டின் விடையை. மூலத்தை மனத்தில் கொண்டவர் என்றேனும் ஒருநாள் அதை விரித்துப் பொருள் காண்பர். வழிகாட்டியின் விடை தேர்வு மண்டபத்தின் வாயிலைத் தாண்டுவதில்லை.

மற்றொரு மறுப்பு இதைவிட வலிமையானது. புதிர் ஒருவரைப் பேச வைக்காது என்பது அது. உண்மை. பத்து மொழிகளின் புதிர்களை விடுவித்தவருக்கு அவற்றுள் ஒன்றிலேனும் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாதிருக்கலாம். சொல்வளம் படிப்பதால் வரும். செவியும் நாவும் பழகுவதால் வரும். இவற்றுக்குப் புதிர் ஈடாகாது. புதிருக்குத் தரும் எடுத்துக்காட்டுகள் களையெடுத்த வயலைப் போன்றவை. உண்மையான மொழியோ காடு. அதனால்தான் வாரத்தில் ஒரு பாடவேளைக்கு மேல் இதை நாம் கேட்கவில்லை. விரைந்து விடை காணும் இரண்டு மாணவர் மட்டும் பேச, மற்றவர் வேடிக்கை பார்க்கும் நிலையும் உண்டாகிறது. முதல் பத்து மணித்துளிகள் யாரும் வாய் திறவாமல் தாளில் எழுதவேண்டும் என்று விதித்த பிறகே எமது வகுப்பில் அக்குறை ஒருவாறு நீங்கியது. முழுவதும் நீங்கியது என்று சொல்ல மாட்டோம்.

இருந்தும் நாம் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் ஒன்றுண்டு. "எனக்கு மொழி வராது" என்று ஒரு மாணவர் தம்மைப்பற்றித் தீர்ப்பெழுதிக்கொண்டால், அத்தீர்ப்பு கல்லூரியோடு நிற்பதில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகாமலே இருந்துவிடுகிறார். விண்ணப்பத்தைப் பிறரிடம் கொடுத்து எழுதுவிக்கிறார். வங்கியிலும் அலுவலகத்திலும் தமக்கு வந்த கடிதத்தைப் படிக்க மற்றொருவர் முகத்தைப் பார்க்கிறார். நாளை தம் பிள்ளையிடமும் அதையே சொல்வார். தம் தாய்மொழியின் ஒரு விதியைத் தாமே கண்டவர் அப்படி எளிதில் சொல்ல மாட்டார். இலக்கணத்தை முழுதும் அறியாமற் போகலாம். ஆனால் அது தம்மால் அணுக முடிந்த ஒன்று என்பதை அவர் அறிவார்.

தேர்வு முறை மாறாமல் இது வேரூன்றாது. பல்கலைக்கழகத் தேர்வை மாற்றும் ஆற்றல் நம் கையில் இல்லை. அகமதிப்பீட்டுத் தேர்வு நம் கையில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வினா, எந்த வழிகாட்டியிலும் இல்லாத எட்டுச் சொற்களைத் தந்து விதியைக் காணச் சொல்லும் வினா, இடம்பெறட்டும். வினா ஆண்டுதோறும் புதிதாக அமைய வேண்டும். இல்லையேல், அடுத்த ஆண்டே புதிர்களுக்கும் விடையோடு கூடிய வழிகாட்டி கடைக்கு வந்துவிடும். நம் பதிப்பாளர்களின் சுறுசுறுப்பை நாம் அறிவோம்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் நாற்காலி 'கிட்டி', நாற்காலிகள் 'விட்டி'. கத்தி 'கிசு', கத்திகள் 'விசு'. அரபு வணிகர்வழி அம்மொழிக்குச் சென்ற 'கிதாப்' என்னும் சொல் 'கிதாபு' ஆயிற்று. புத்தகங்கள் எனப் பன்மையில் சொல்லவேண்டி வந்தபோது அம்மக்கள் 'விதாபு' என்றனர். அரபு வேரின் முதலெழுத்தையே அவர்கள் தம் மொழியின் ஒருமை முன்னொட்டாகக் கொண்டுவிட்டனர். பிறமொழிச் சொல்லைப் பார்த்து ஒரு சமுதாயமே புதிர் விடுவித்திருக்கிறது. விடை பிழைதான், வழி பிழையன்று.

அந்தச் சுவாஹிலியிலிருந்தே நம் மாணவருக்கு ஒரு புதிர் தருகிறோம். 'நினசோமா' என்றால் நான் படிக்கிறேன். 'நிலிசோமா' என்றால் நான் படித்தேன். 'நிதசோமா' என்றால் நான் படிப்பேன். 'அனபிகா' என்றால் அவர் சமைக்கிறார். அவர் சமைத்தார் என்பதையும், அவர் படிப்பார் என்பதையும் சுவாஹிலியில் சொல்க. பகுதி, இடைநிலை, விகுதி என்று நாம் பகுபதத்தில் கற்ற உறுப்புகள் அங்கே எந்த வரிசையில் நிற்கின்றன என்பதையும் கூறுக.

விடையை ஒரு தாளில் எழுதித் துறைக்குக் கொண்டு வரலாம். எந்தத் துறை மாணவராயினும் தடையில்லை, பெற்றோரும் பெரியோரும் முயன்றால் மகிழ்வோம். விடையோடு அதை எப்படிக் கண்டார் என்பதையும் நான்கு வரியில் எழுத வேண்டும். முதலில் தவறான வழியில் சென்று திரும்பியிருந்தால் அதையும் அடிக்காமல் அப்படியே விட்டுவைக்க வேண்டுகிறோம்.